கம்மின்ஸின் மூச்சுக்குழல்

பழைய டீசல் எஞ்சினில் காற்றை நிறுத்திவைக்கக் கதவே கிடையாது. பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் காற்றுக்குழாயில் ஒரு தகடு திறக்கும். டீசலில் மிதித்தால் பம்புக்கு மட்டும்தான் சேதி போகும். டீசல் கூடும், குறையும். காற்று அதுபாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். நியூட்ரலில் நின்று உறுமும் நேரத்தில் தேவையைப் போலப் பல மடங்கு காற்றை உள்ளே இழுத்து அப்படியே வெளியே தள்ளும். இவ்வளவு தாராளம் இருக்கும்போது, காற்றுப் பாதையைத் திருத்தினால் வண்டி நன்றாக இழுக்கும் என்று ஏன் இத்தனை பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள்?

சுமை ஏறும்போது விடை தெரியும். டீசலைப் போல ஏறத்தாழ பதினான்கரை மடங்கு எடையுள்ள காற்று இருந்தால், கணக்குப்படி அது முழுதாக எரிந்துவிடும். ஆனால் சிலிண்டருக்குள் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் ஒவ்வொரு துளியும் தனக்கு வேண்டிய காற்றைத் தேடிப் பிடித்தாக வேண்டும். பிடிக்க முடியாத துளி கரியாகிவிடும். அதனால்தான் காற்று இருபது மடங்குக்குக் கீழே இறங்கும்போதே புகை கறுக்க ஆரம்பிக்கிறது. மேடேறும் லாரியின் பின்னால் போகிறவர்கள் முகத்தில் வாங்கும் அந்தக் கறுப்பு, உரிமையாளர் காசு கொடுத்து வாங்கிய டீசல்தான்.

இந்தக் காற்று விஷயத்தை ரசித்துப் பார்க்க எனக்குத் தெரிந்து கம்மின்ஸின் 5.9 லிட்டர் பி வரிசை எஞ்சினைவிடத் தோதானது இல்லை. கேஸ் (Case) நிறுவனத்தோடு சேர்ந்து பண்ணை இயந்திரங்களையும் மனதில் வைத்து உருவாக்கிய ஆறு சிலிண்டர் எஞ்சின் இது. 1989-இல் கிறைஸ்லர் இதைத் தன் டாட்ஜ் ராம் பிக்கப்பில் பொருத்தியது. 160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி முறுக்குவிசை. இன்றைய கணக்கில் சொற்பம். ஆனால் அன்றைக்கு அமெரிக்கப் பண்ணைக்காரன் குதிரைகளையும் வைக்கோலையும் ட்ரெய்லரில் ஏற்றி இழுக்க இதைப் போல வேறொன்று கிடைக்கவில்லை. 1993-இல் டாடாவும் கம்மின்ஸும் கூட்டாக ஜாம்ஷெட்பூரில் நிறுவனம் தொடங்கின. அதே பி வரிசை டாடா லாரிகளுக்குள் வந்தது. கொலராடோ மலையில் குதிரை ட்ரெய்லர் இழுத்த எஞ்சினின் உடன்பிறப்புதான் தொப்பூர்க் கணவாயில் சிமெண்ட் மூட்டைகளோடு ஏறியது.

1991-ஆம் ஆண்டின் நடுவில் டாட்ஜ் வண்டியில் ஒரு மாற்றம் நடந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் வைத்தார்கள். டர்போ அழுத்தித் தள்ளும் சூடான காற்றை எஞ்சினுக்குள் விடுவதற்கு முன் எதிர்க்காற்றில் குளிரவைக்கும் அலுமினியப் பெட்டி அது. விளம்பரத் தாளில் குதிரைத்திறன் என்ன ஆனது? அதே 160. ஷோரூமில் நிற்பவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. எனக்கோ இந்த எஞ்சினின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியே 35 டிகிரி வெயில். டர்போ 19 பிஎஸ்ஐ பூஸ்ட் தருகிறது. அதாவது மொத்த அழுத்தம் வெளிக்காற்றைப் போல 2.3 மடங்கு. அழுத்தினால் காற்று சூடாகும். டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால் வெளியே வரும் காற்று 150 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரியும். ஆகவே 2.3 மடங்கு அழுத்தினாலும் சிலிண்டரின் வாசலில் நிற்கும் காற்றின் அடர்த்தி ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை. இன்டர்கூலர் அதை 60 டிகிரிக்கு இறக்கிவிட்டால் அடர்த்தி இரண்டு மடங்கை எட்டிவிடும். பூஸ்ட் மீட்டரின் முள் இரண்டு தடவையும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கும்! கலிஃபோர்னியாவின் கேல் பேங்க்ஸ் பல பத்தாண்டுகளாக டர்போவோடு மல்லுக்கட்டியவர். அழுத்தத்தைப் பார்த்து மயங்காதே, அடர்த்தியைப் பார் என்று அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான். காற்று மூன்று டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி சுமாராக ஒரு சதவீதம் கூடும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் தொங்கும் சாமான்களில் பாதியை வாங்காமலே திரும்பி வந்துவிடலாம்.

எந்தப் பாதி என்று கேட்டால், முதலில் பளபளக்கும் குரோம் குழாயும் அதன் நுனியில் திறந்து நிற்கும் கூம்பு ஃபில்டரும். பானெட்டைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும். திறனளக்கும் டைனோவில் ஏற்றி, பானெட்டைத் திறந்துவைத்து, முன்னால் பெரிய மின்விசிறியை ஓடவிட்டு அளந்தால் நாலு குதிரை கூடுதலாகவும் காட்டும். பானெட்டை மூடிச் சாலைக்கு வந்தால் அந்தக் கூம்பு உறிஞ்சுவது ரேடியேட்டரையும் எக்ஸாஸ்டையும் உரசி வந்த வெந்த காற்றை. கம்பெனி கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் அது ஃபெண்டர் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கும். நல்ல அப்கிரேட் என்று நான் மதிப்பது இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டே அதன் வாயை அகலமாக்கி, உள்ளே பெரிய ஃபில்டரை உட்காரவைத்து, மூடியின் ரப்பர் விளிம்பைக் காற்றுப் புகாமல் இறுக்குவதை. லாரிகளில் கேபினுக்குப் பின்னால் கூரை உயரத்துக்கு நிற்கும் காற்றுக்குழாயும் இதே அறிவில் பிறந்ததுதான். தரையில் புழுதி, மேலே போகப் போகத் தெளிவும் குளிர்ச்சியும்.

ஃபில்டரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அளவு ஒன்று. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 2,500 ஆர்பிஎம்மில் 5.9 லிட்டர் எஞ்சின், டர்போ இல்லாவிட்டாலே, நிமிடத்துக்கு 7,000 லிட்டருக்கு மேல் இழுக்கும். முழு பூஸ்டில் 14,000 லிட்டரை ஒட்டி. மொட்டை மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி பதினாலை ஒரே நிமிடத்தில் காலி செய்வது போல. அத்தனை காற்றும் கொசுவம் கொசுவமாக மடித்து வட்டமாக நிறுத்திய ஒரு காகிதத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மடிப்பு கூடக் கூடப் பரப்பு கூடும். பரப்பு கூடினால் ஒவ்வொரு இடத்திலும் காற்று மெதுவாகப் போகும். மெதுவாகப் போனால் தடையும் குறையும், தூசியும் நன்றாகப் பிடிபடும். பெரிய ஃபில்டர் போடுவதில் இந்த இரட்டை லாபம் இருக்கிறது. சின்ன ஃபில்டரை வைத்துக்கொண்டு அடர்த்தி குறைந்த துணியால் தடையைக் குறைக்கப் பார்ப்பது வேறு வகை. எண்ணெய் தடவிய பருத்தி வலை ஃபில்டர்கள் அந்த வகை. பந்தயத்துக்குச் சரி. செம்மண் சாலையில் ஓடும் சுமை வண்டிக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றி உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மெல்லிய பழுப்பு ஒட்டினால் அந்த ஃபில்டர் ஏமாற்றுகிறது.

காகித ஃபில்டரின் குணம் ஒன்று பலருக்குத் தெரியாது. புதிதாக இருக்கும்போது அது சற்றுச் சுமாராகத்தான் வடிகட்டும். தூசி படியப் படிய அந்தத் தூசியே இன்னொரு வடிகட்டியாக நின்று அடுத்து வரும் நுண்ணிய மணலைப் பிடிக்கும். நம் ஊரில் பஞ்சர் கடை ஏர் குழாயைப் பிடித்து ஃபில்டரை உள்ளும் புறமும் ஊதித் தள்ளி, தரையில் நாலு தட்டுத் தட்டி, "புதுசாட்டம் ஆயிடுச்சு" என்று மாட்டுவது வழக்கம். பட்டறையில் அனுபவப்பட்ட மெக்கானிக் இதைப் பார்த்தால், "அண்ணே, ஊதாதீங்க. மாத்துங்க, இல்லாட்டி அப்படியே வுடுங்க" என்பார். அந்த அழுத்தத்தில் காகிதத்தின் நார் பிரிந்து கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்துவிடும். அதன்வழி போகும் மணல் முதலில் தின்பது டர்போவின் அலுமினிய இதழ்களின் நுனியை. பிறகு பிஸ்டன் ரிங்கை.

எப்போது மாற்றுவது? டாட்ஜின் காற்றுப்பெட்டியில் கட்டை விரல் அளவுக்கு உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் குப்பி இருக்கும். ஃபில்டர் அடைக்க அடைக்க உள்ளே உறிஞ்சல் கூடும். குப்பிக்குள் இருக்கும் வண்ணக் குமிழ் படிப்படியாக நகரும். அதில் உள்ள நயம் என்னவென்றால், நகர்ந்த குமிழ் திரும்பி வராது. எஞ்சினை அணைத்த பிறகும், முழுச் சுமையோடு மேடேறியபோது எட்டிய அதிகபட்ச அளவிலேயே பல் பூட்டி நிற்கும். கீழே உள்ள பொத்தானை நாமே அமுக்கினால்தான் பழைய இடத்துக்கு வரும். மலிவான சாமான்தான். ஆனால் நாள்காட்டியைப் பார்த்தும் கிலோமீட்டரைப் பார்த்தும் மாற்றுவதைவிட இதைப் பார்த்து மாற்றுவது புத்திசாலித்தனம்.

அந்தக் குப்பி உறிஞ்சலைக் காட்டும் அளவு நீர் அங்குலத்தில். 25 அங்குலத்தை ஒட்டினால் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்பது கனரக டீசலில் பரவலான வழக்கம். 25 அங்குலம் என்பது ஒரு பிஎஸ்ஐக்கும் குறைவு, வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஆறு சதவீதம். இதுவா பெரிய நஷ்டம் என்று தோன்றும். இங்கேதான் டர்போ தன் வேலையைக் காட்டுகிறது. அது தன் வாசலில் என்ன கிடைக்கிறதோ அதைப் பெருக்குகிறது, 2.3 மடங்கு என்றால் வாசலில் போன 0.9 பிஎஸ்ஐ மறுபக்கத்தில் இரண்டு பிஎஸ்ஐயாகப் போகும். டர்போவுக்குப் பிறகு, இன்டர்கூலரிலோ குழாயிலோ அதே 0.9 போனால் அந்த 0.9 மட்டும்தான் நஷ்டம். ஆக ஒரே அளவு அடைப்பு டர்போவுக்கு முன்னால் இருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வலிக்கும். அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் காற்று இன்னும் சூடாகும். ஃபில்டரில் தொடங்கியது இன்டர்கூலர் தலையில் விடிகிறது.

மலை ஏறினால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கொலராடோவின் டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கத்தில் 11,000 அடி உயரத்தைத் தாண்டும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. ட்ரெய்லர் மாட்டிய டீசல் பிக்கப்களைச் சோதிக்கிறவர்கள் அந்த ஏற்றத்துக்கே வருகிறார்கள். சமவெளியில் மறைந்து கிடந்த காற்றுப்பாதைக் கோளாறு எல்லாம் அங்கே மூச்சிரைப்பாக வெளியே வந்துவிடும்.

இனி டர்போவின் வாய்க்கு வருவோம். 1990-களின் பிற்பகுதி ராம் வண்டிகளில் இருப்பது ஹோல்செட் எச்எக்ஸ்35. ஹோல்செட் இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு ஊர்க் கம்பெனி. 1973-இலேயே கம்மின்ஸ் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. காற்றுக்குழாயைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தால், நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டக்கூடிய அந்தச் சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதழ்கள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று மாறி மாறி. சக்கரத்தைச் சுற்றியுள்ள சுவரில், இதழ் நுனிகள் தொடங்கும் இடத்துக்குச் சற்று உள்ளே தள்ளி, ஒரு மெல்லிய வட்டப் பிளவு ஓடும். பார்த்தவர்களில் பெரும்பாலோர் வார்ப்பில் விழுந்த கோடு என்று நினைத்துக் கடந்துபோவார்கள். அது வேண்டுமென்றே வெட்டியது.

எஞ்சின் மெதுவாகவும் பூஸ்ட் அதிகமாகவும் இருக்கும்போது டர்போ தள்ளும் காற்று போக இடமில்லாமல் திரும்பி மோதும், சக்கரம் இருமும். அப்போது அந்தப் பிளவு வழியாகக் கொஞ்சம் காற்று பின்வாங்கி வாசலுக்கே வந்து, மறுபடி உள்ளே போகும். இருமல் நின்றுவிடும். எஞ்சின் வேகமெடுத்து, வாசல் போதாமல் சக்கரம் திணறும்போது அதே பிளவு எதிர்த்திசையில் வேலை செய்து, வாசலைச் சுற்றிக்கொண்டு கூடுதல் காற்றை உள்ளே விடும். வால்வு இல்லை, ஸ்பிரிங் இல்லை, மின்கம்பி இல்லை. அழுத்தம் எந்தப் பக்கம் கூடுதலோ அதைப் பொறுத்துத் திசை தானே மாறும். காற்றுப்பாதை அப்கிரேட் என்று ஆயிரம் சொல்கிறார்கள். இந்த ஒரு பிளவுக்கு ஈடான கற்பனை அவற்றில் எனக்குத் தென்படவில்லை.

பிளவு இருப்பதால் சக்கரத்தின் சீழ்க்கை வெளியே கசியும். அதை அடக்க, 1998 முதல் வந்த 24 வால்வு வண்டிகளில் வாயருகே ஒரு வளையத்தை ஸ்னாப் ரிங் போட்டு மாட்டியிருந்தார்கள். சத்தத்தைக் குறைக்க மட்டுமே வைத்த வளையம். பிளையர் வைத்து ஸ்னாப் ரிங்கை எடுத்தால் கையோடு வந்துவிடும். அதன் பிறகு ஆக்ஸிலேட்டரில் கால் வைத்ததும் ஜெட் விமானச் சீழ்க்கை! பலம் கூடியதா என்றால், அளக்கிற மாதிரி எதுவும் கூடாது. ஆனாலும் அதைக் கழற்றிய எவனும் திரும்ப மாட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை. இதை நான் குறை சொல்லமாட்டேன். காதுக்கும் ஒரு பங்கு வேண்டும்தானே.

இன்டர்கூலருக்குப் போகும் குழாய்களில் இணைப்பு ரப்பர்களும் கிளாம்ப்களும்தான் பலவீனம். வருடக்கணக்கில் டர்போவிலிருந்து கசியும் எண்ணெய்ப் படலம் ரப்பரை ஊறவைத்துவிடும். சுமை இல்லாதபோது எல்லாம் சரியாகவே இருக்கும்; மேட்டில் பூஸ்ட் ஏறியதும் உதடு பிரிந்து காற்று சீறும். வண்டி இழுக்கவில்லை, புகை மட்டும் வருகிறது என்று ஓட்டுநர் வந்து நிற்பார். டர்போவின் வாயை அடைத்து, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை எழும் இடம் தெரிந்துவிடும். புது டர்போ வாங்கக் கிளம்பியவர் சிலிகான் ஹோஸும் டி-போல்ட் கிளாம்பும் மாற்றி வீட்டுக்குத் திரும்புவது உண்டு. இன்டர்கூலரின் வெளிமுகமும் அப்படித்தான். பூச்சியும் வைக்கோல் துகளும் அப்பி, பாதி அடைத்துக் கிடக்கும். பின்பக்கமிருந்து மென்மையாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைச் சாய்வாகப் பிடித்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, கழுவியதே அடைப்பாகிவிடும்.

இவ்வளவு காற்று வந்து சேர்ந்தது என்று பம்புக்கு யார் சொல்வது? அதற்கு முந்தைய 12 வால்வு எஞ்சினின் பாஷ் டீசல் பம்பின் மேல் ஒரு சிறு டப்பா. இன்டேக்கிலிருந்து அதற்கு மெல்லிய குழாய் ஒன்று வரும். பூஸ்ட் ஏறினால் அந்த அழுத்தம் டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளும். சவ்வு நகர்ந்த அளவுக்குத்தான் பம்பு டீசலைக் கூட்ட முடியும். நீங்கள் எவ்வளவு மிதித்தாலும், காற்று வந்து சேராமல் கூடுதல் டீசல் கிடைக்காது. புறப்படும்போது கரும்புகை கக்காமல் இருப்பது இதனால்தான். அமெரிக்கப் பையன்கள் சிலர் இந்த டப்பாவின் திருகைத் தளர்த்தி, வேண்டுமென்றே புகையைக் கக்கவைத்து ரசிப்பார்கள். கைகாட்டும் காவலரைக் கட்டிப்போட்டுவிட்டு ரோட்டில் வண்டி விடுவதில் என்ன ரசனை இருக்கிறதோ! காற்றுப் பாதையைச் சரிசெய்தவருக்கோ அதே சவ்வு முன்னைவிடச் சீக்கிரம் நகரும்; புகையில்லாமலே வண்டி எழும்பும். சவ்வில் ஊசித் துளை விழுந்தால் எதிர்மாறு: காற்று நிறைய, டீசல் இல்லை, இழுவை இல்லை.

பலன் எங்கே தெரியும்? வேகமானியில் தேடாமல் எக்ஸாஸ்ட் வெப்பமானியில் தேட வேண்டும். மேட்டில் 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி முள் நின்றால் அலுமினிய பிஸ்டனுக்கு ஆபத்து. ஓட்டுகிறவர் காலை எடுத்தாக வேண்டும். குளிர்ந்த, அடர்ந்த காற்று கிடைத்தால் அதே சுமை, அதே மேடு, அதே கியரில் முள் கீழேயே இருக்கும். காலை எடுக்க வேண்டியதில்லை. 1991-இல் தாளில் ஏறாத அந்தக் குதிரைத்திறன் இங்கேதான் இருந்தது: 160-ஐ ஏற்றம் முடியும்வரை விடாமல் கொடுக்க முடிவதில்.

கடைசி வளைவு இன்டேக் ஹார்ன். இன்டர்கூலரிலிருந்து மேலேறும் குழாய் இங்கே மடிந்து சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்குகிறது. அதன் அடியில் கிரிட் ஹீட்டர்: காற்றின் வழியில் நிற்கும் உலோக ரிப்பன்கள், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியை உறிஞ்சிச் சிவந்து காற்றைச் சூடாக்கும். மினசோட்டாவின் பனிக்காலத்தில் அது இல்லாமல் பிழைக்க முடியாது. வெப்பநாட்டுக்காரர் கழற்றி எறிந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஹார்னின் வளைவை அகலமாக்கி விற்கிறார்கள். கம்பெனி எஞ்சினுக்கு அதனால் பெரிய மாற்றம் தெரியாது, டீசலைக் கூட்டிய எஞ்சினுக்குத் தெரியும்.

அதற்கு உள்ளே கை வைக்க இடமில்லை. இந்த எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு தனியாகக் கிடையாது. சிலிண்டர் ஹெட்டோடு ஒரே வார்ப்பு. மேலே தட்டையாக ஒரு மூடி, அவ்வளவுதான். 12 வால்வு ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் துளை நேராகப் போகாமல் சுருண்டு இறங்கும். காற்று வால்வைத் தாண்டும்போதே சுழல ஆரம்பித்துவிடும். பிஸ்டன் தலையில் உள்ள குழிக்குள் அந்தச் சுழல் இன்னும் வேகமெடுத்து, நோசில் தூவும் டீசலை அள்ளிக் கலக்கும். 1998-இல் வந்த 24 வால்வு ஹெட்டில் சிலிண்டருக்கு நாலு வால்வு ஆகி, நோசில் நட்டநடுவே நிமிர்ந்து நின்றது. கண்காட்சித் திடல்களில் ஸ்லெட் இழுக்கும் போட்டிக்காரர்கள் மட்டும் ஹெட்டின் அந்தப் பக்கத்தை மில்லிங் மெஷினில் முழுதாகச் சீவி எடுத்துவிட்டு, ஆறு சிலிண்டருக்கும் ஆறு தனிக் குழாய்களை வெல்டிங் வைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சுமை வண்டிக்காரர் அந்த ஹெட்டைத் தொடாமல், மூடியின் கேஸ்கெட் காற்றுக் கசியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.